நாலு தளம், ஒரே குடோன்: ஆன்லைன் விற்பனையில் ஸ்டாக் கணக்கு பிசகாமல் வைக்கும் முறை

திருப்பூர் பனியன் ரகங்களை அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ, சொந்த வூகாமர்ஸ் தளம் (வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் கடை மென்பொருள்) ஆகிய நான்கிலும், கூடவே கடை கவுண்டரிலும் விற்கும் ஒரு சிறு குடோனுக்கான ஸ்டாக் முறையை எப்படி அமைப்பது என்பதன் செய்முறைப் பதிவு இது. 12 ரகம், ஒவ்வொன்றிலும் 6 கலர், 5 சைஸ். ஆக 360 எஸ்கேயூ, அதாவது ரகம், கலர், சைஸ் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறியீடு. அவற்றோடு 3 பீஸ் காம்போ பேக்குகள். ஒரு கணினி, ஒரு லேபிள் பிரிண்டர், இரண்டு ஸ்கேனர். மாதக் கட்டண மென்பொருள் எதுவும் கிடையாது. கூகுள் ஷீட்ஸ், அதற்குள் ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். இந்த அளவுக்கு இது தாராளமாகப் போதும்.

ஸ்டாக் பிசகினால் பெரும்பாலானோர் முதலில் குறை சொல்வது வேகத்தை: "தளங்களுக்கு அப்டேட் லேட்டாகப் போகிறது." அது ஒரு காரணம்தான், பெரிய காரணம் அல்ல. தவறான எஸ்கேயூ இணைப்பு, காம்போ கணக்கு, ரிட்டர்ன் வந்ததா வரவில்லையா என்ற குழப்பம், ஸ்கேன் செய்யாமல் கவுண்டரில் எடுத்துக் கொடுத்த பீஸ், ஆர்டரை இழுக்கும் முன்பே இருப்பை அனுப்பிவிடுவது: பிசகுகளில் பெரும்பகுதி இந்த ஐந்தில் அடங்கும். இவற்றைச் சரி செய்யாமல் அப்டேட்டை மட்டும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கினால், தவறான எண் இன்னும் வேகமாகப் போய்ச் சேரும்.

முதலில் எஸ்கேயூ

ஒவ்வொரு தளத்திலும் அந்தந்தக் காலத்தில் யாரோ வைத்த எஸ்கேயூ இருக்கும். அவற்றை மாற்ற வேண்டாம். மாற்றினால் பழைய லிஸ்டிங்கின் (தளத்தில் அந்தப் பொருளுக்கான விற்பனைப் பக்கம்) ரேட்டிங்கும் ரிவ்யூவும் கைவிட்டுப் போகக்கூடும். நமக்கென்று ஒரு உள் எஸ்கேயூ வைத்து, தளங்களின் எஸ்கேயூக்களை அதோடு இணைப்பதே பாதுகாப்பு.

உள் எஸ்கேயூவின் நீளம் 12 எழுத்துக்குள் இருக்கட்டும். காரணம் லேபிள். சாதாரண 203 டிபிஐ பிரிண்டர் ஒரு மில்லிமீட்டரில் 8 புள்ளி அடிக்கும். மெல்லிய கோட்டுக்கு 2 புள்ளி, அதாவது 0.25 மிமீ கொடுத்தால்தான் மலிவு விலை ஸ்கேனரும் தடுமாறாமல் படிக்கும். 'கோட் 128' (Code 128) வகை பார்கோடில் ஓர் எழுத்துக்கு 11 அலகு; ஓர் அலகு என்பது ஒரு மெல்லிய கோட்டின் அகலம். தொடக்கக் குறி 11, சரிபார்ப்புக் குறி 11, முடிவுக் குறி 13. 12 எழுத்துக்கு மொத்தம் 167 அலகு, 41.75 மிமீ. இரு பக்கமும் 10 அலகு வெற்றிடம் விட்டால் 46.75 மிமீ. 50 மிமீ அகலமுள்ள சாதாரண லேபிளில் இது அடங்கும். 14 எழுத்தானால் 52.25 மிமீ, ஓரம் வெட்டுப்படும், இல்லையென்றால் பிரிண்டர் கோட்டை ஒடுக்கிவிடும். "ஸ்கேனர் சரியில்லை" என்று புதிது வாங்குமுன் லேபிளின் ஓர வெற்றிடத்தைப் பாருங்கள்.

எஸ்கேயூ எழுத்தில் தொடங்கட்டும். வெறும் எண் வைத்தால் எக்ஸெல் அதன் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும். குழந்தைகள் ரகத்தில் 2-3 வயது, 3-4 வயது என்று சைஸ் போடுவது வழக்கம். அந்தக் கட்டத்தை எக்ஸெல் தேதியாக மாற்றிவிடும். எண்களுக்கு நடுவே ஆங்கில 'இ' எழுத்து வந்தால் அதை அடுக்கு எண்ணாகப் புரிந்துகொள்ளும். 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடு எண்ணுக்கும் இதே கதிதான், 8.9 என்று தொடங்கும் அடுக்கு எண்ணாகச் சுருங்கி நிற்கும். அதை அப்படியே சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் உரை) கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட ஆர்டர் எண்களின் கடைசி இலக்கங்களை எக்ஸெல் பூஜ்ஜியமாக்கும். ஆகவே தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்கக் கூடாது. தரவு இறக்குமதி வழியாக, எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று குறித்துத்தான் திறக்க வேண்டும்.

கலர் குறியீட்டில் ஒரு கவனம். 'நேவி' என்று இரண்டு டையிங் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி) வந்து ஷேடு கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருந்தால், லாட்டை எஸ்கேயூவில் சேர்க்காதீர்கள், எஸ்கேயூ பெருகி லிஸ்டிங் சிதறும். லாட்டைத் தனி ரேக்கில் வைத்து, பழைய லாட் தீர்ந்த பின் புதியதை எடுங்கள். இரண்டு நேவி சேர்ந்த காம்போவில் மட்டும் ஒரே லாட்டில் எடுப்பது கட்டாயம்.

பேரேடு: எண்ணைத் திருத்தாதே, வரி எழுது

இருப்பு என்று ஒரு கட்டம் வைத்து, விற்றால் குறைத்து, வந்தால் கூட்டி எழுதும் முறையை விட்டுவிடுங்கள். அதில் இன்றைக்கு 37 என்று இருக்கிறது, ஏன் 37 என்று கேட்டால் பதில் கிடையாது. இருப்பு என்பது வரவு செலவு வரிகளின் கூட்டுத்தொகையாக மட்டுமே வர வேண்டும். பணக் கணக்கில் நாள்வழியும் பேரேடும் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சரக்குக்கு மட்டும் அந்த ஒழுங்கை ஏனோ விட்டுவிடுகிறோம்.

ஷீட்டில் 'நடமாட்டம்' என்று ஒரு தாள். அதன் நெடுவரிசைகள்: நேரம், உள் எஸ்கேயூ, இடம், எண்ணிக்கை (கூட்டல் அல்லது கழித்தல்), காரணம், சான்று எண், பதிந்தவர், தனி அடையாளம். ஒருமுறை எழுதிய வரியை அழிப்பதும் திருத்துவதும் கிடையாது. தப்பாகப் பதிந்தால் எதிர் வரி ஒன்று எழுதிச் சரிக்கட்டுவதுதான் முறை. இதற்குத் தாளைப் பாதுகாப்பில் பூட்டி, ஸ்கிரிப்ட் மட்டும் எழுதும்படி வைக்கலாம்.

'இடம்' என்ற நெடுவரிசைதான் இந்த அமைப்பின் முதுகெலும்பு. ரேக், ஒதுக்கீடு, ரிட்டர்ன் கூடை, செகண்ட்ஸ் (குறையுள்ள பீஸ்), வெளிக்கிடங்கு (தள நிறுவனத்தின் கிடங்கில் உள்ளவை) என்று ஐந்து இடம் போதும். ஆர்டர் வந்த கணமே ரேக்கில் 1 குறைத்து ஒதுக்கீட்டில் 1 கூட்டி இரண்டு வரி எழுதப்படும். பீஸ் இன்னும் ரேக்கில்தான் இருக்கும், ஆனால் அது விற்கக்கூடிய இருப்பு அல்ல. கூரியர்காரர் பையை எடுத்துப் போகும்போது ஒதுக்கீட்டிலிருந்து 1 கழியும். ரேக் கணக்கு என்பது தளங்களுக்குச் சொல்லக்கூடிய இருப்பு. ரேக்கும் ஒதுக்கீடும் சேர்ந்தால் குடோனில் கையால் தொட்டு எண்ணக்கூடிய இருப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் "சிஸ்டத்தில் 4, ரேக்கில் 6" என்ற சண்டை தினமும் வரும். அந்த 2 பீஸ் ஏற்கெனவே விற்றவை.

'தனி அடையாளம்' என்பது தளத்தின் பெயர், ஆர்டர் எண், ஆர்டருக்குள் உள்ள வரி எண், நிகழ்வு, உள் எஸ்கேயூ, இடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒட்டிய சரம். அதே சரம் ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் அந்த வரியைத் தள்ளிவிட வேண்டும். ஒரே ஆர்டர் கோப்பை இரண்டு பேர் இரண்டு முறை ஏற்றினாலும் கணக்கு மாறாது. ஆர்டர் எண்ணை மட்டும் அடையாளமாக வைத்தால், ஒரே ஆர்டரில் எம் சைஸும் எல் சைஸும் வாங்கியவரின் இரண்டாவது வரி காணாமல் போகும்.

இருப்பு கழிந்து மைனஸில் போனால் தடுக்காதீர்கள். விற்றது உண்மை, அதை எழுதவிடாமல் தடுத்தால் ஆர்டரே கணக்கில் ஏறாது. மைனஸ் இருப்பு என்பது எங்கோ ஒரு வரி விட்டுப்போனதற்கான சாட்சி. அதைச் சிவப்பில் காட்டி, தளங்களுக்கு மட்டும் 0 அனுப்புங்கள்.

இணைப்பு அட்டவணையும் காம்போவும்

இரண்டாவது தாள்: தளம், தளத்தின் எஸ்கேயூ, உள் எஸ்கேயூ, பெருக்கம். தனிப் பீஸுக்குப் பெருக்கம் 1. ஒரே கருப்பு பனியன் 3 சேர்ந்த பேக்குக்கு 3. கருப்பு, வெள்ளை, சாம்பல் கலந்த பேக் என்றால் அதே தள எஸ்கேயூவுக்கு மூன்று வரி, ஒவ்வொன்றிலும் பெருக்கம் 1.

காம்போவுக்கென்று தனி இருப்பு வைக்கக் கூடாது; முன்கூட்டியே கட்டி பாக்ஸில் போட்டு வைத்திருந்தால் மட்டும் அது தனிப் பொருள். மற்றபடி காம்போவின் இருப்பு எப்போதும் கணக்கிட்டு வருவது: ஒவ்வொரு உறுப்பின் இருப்பையும் பெருக்கத்தால் வகுத்து, மீதியை விட்டு, அவற்றில் சிறியதை எடுக்க வேண்டும். கருப்பு 7, வெள்ளை 2, சாம்பல் 9 என்றால் கலந்த பேக் 2. கருப்பு மட்டும் 3 சேர்ந்த பேக்கும் 2.

இங்கே பலரின் ஸ்கிரிப்ட் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விற்ற லிஸ்டிங்கின் இருப்பை மட்டும் மற்றத் தளங்களுக்கு அனுப்புவார்கள். தனியாக ஒரு வெள்ளை விற்றாலே கலந்த பேக்கின் இருப்பு 2 என்பது 1 ஆகிறது, அதை யாருக்கும் சொல்வதில்லை. ஒரு உள் எஸ்கேயூ அசைந்தால் இணைப்பு அட்டவணையில் அது இடம்பெறும் எல்லா தள எஸ்கேயூக்களையும் திரட்டி, அத்தனைக்கும் புது எண் கணக்கிட வேண்டும். கலந்த பேக் ஒன்று விற்றால் மூன்று தனி லிஸ்டிங், மூன்று ஒற்றைக் கலர் பேக், மற்ற தளங்களின் கலந்த பேக் என எல்லாமே அசையும்.

வூகாமர்ஸில் கூடுதலாக ஒரு கண்ணி. தாய்ப் பொருளில் 'இருப்பு நிர்வகி' என்ற பெட்டியை டிக் செய்து, சைஸ் வகைகளில் டிக் செய்யாமல் விட்டால் எல்லா சைஸும் தாயின் ஒரே எண்ணைப் பங்கிட்டுக்கொள்ளும். எம் விற்றால் எக்ஸ்எல்லும் குறையும். ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாக டிக் செய்து, தாயில் எடுத்துவிடுங்கள்.

இழுத்த பிறகே தள்ளு

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

தளங்களுக்கு அனுப்பும் இருப்பு பெரும்பாலும் முழு எண்ணாகவே போகிறது: "இப்போது 5 இருக்கிறது." "ஒன்று குறைத்துக்கொள்" என்று அல்ல. இதில் ஒளிந்திருக்கும் பிழையைப் பாருங்கள். குடோனில் 5 பீஸ். காலை 10.00 மணிக்கு அமேசானில் ஒன்று விற்கிறது. அமேசான் தன் கணக்கில் 4 என்று குறைத்துக்கொள்கிறது. அந்த ஆர்டரை நாம் இன்னும் இறக்கவில்லை. 10.02க்கு நம் சொந்தத் தளத்தில் ஒன்று விற்கிறது. நம் பேரேட்டில் 5 போய் 4. அந்த 4ஐ எல்லாத் தளத்துக்கும் அனுப்புகிறோம். அமேசானில் இருந்ததும் 4, வந்ததும் 4; மாற்றமே இல்லை. கையில் உண்மையில் மீதி 3. இல்லாத ஒரு பீஸைக் கடையில் அடுக்கிவிட்டோம். பத்து நிமிடம் கழித்து அமேசான் ஆர்டர் பேரேட்டில் ஏறியதும் எல்லாம் தானே சரியாகிவிடும், அதனால் பின்னால் தேடினால் தடயமும் கிடைக்காது. அந்த இடைவெளியில் வேறு யாராவது வாங்கியிருந்தால்தான் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாறக் கூடாது: எல்லாத் தளங்களிலிருந்தும் ஆர்டரை இழு, பேரேட்டில் எழுது, கணக்கிடு, அதன் பிறகு தள்ளு. ஒரு தளத்தில் இழுப்பது தோற்றுவிட்டால் அந்தச் சுற்றில் அந்தத் தளத்தில் எந்த இருப்பையும் கூட்டி எழுதாதே. குறைத்து எழுதுவது மட்டும் அனுமதி. இந்த ஒரு நிபந்தனை பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

அமேசானில் 'பெண்டிங்' நிலையிலுள்ள ஆர்டர்கள் தனிக் கவனம் கேட்பவை. பணம் உறுதியாகும் வரை அவற்றை அனுப்ப முடியாது, அனுப்ப வேண்டிய ஆர்டர் பட்டியலிலும் வராது. ஆனால் சரக்கு பிடித்து வைக்கப்பட்டாயிற்று. அந்த வேளையில் நாம் பெண்டிங்கைக் கணக்கில் எடுக்காத முழு எண்ணை அனுப்பினால் மேலே சொன்ன பிழைதான். ஏபிஐ (மென்பொருள் தளத்தோடு நேரடியாகப் பேசும் வழி) வழியாக இழுப்பவர்களுக்குப் பெண்டிங் ஆர்டரில் விலை விவரம் வராது. எஸ்கேயூவும் எண்ணிக்கையும் கிடைக்கும். ஒதுக்கீடு போட அது போதும். விலைக் கட்டம் காலியாக இருந்தால் வரியையே தள்ளிவிடும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அதை மாற்றுங்கள்.

இழுக்கும்போது 'உருவான நேரம்' என்று வடிகட்டாமல் 'கடைசியாக மாறிய நேரம்' என்று வடிகட்ட வேண்டும். இல்லையென்றால் நேற்று வந்து இன்று ரத்தான ஆர்டர் கண்ணில் படாது, ஒதுக்கீட்டில் அந்தப் பீஸ் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் போன சுற்றின் கடைசி அரை மணி நேரத்தையும் சேர்த்து இழுங்கள். திரும்ப வரும் வரிகளைத் தனி அடையாளம் தடுத்துவிடும். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) தரும் ஏபிஐயில் 5.30 மணி நேரம் கூட்ட மறந்தால் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வந்தவை முந்தைய நாளில் விழுந்து, நாள் வாரியான ஒப்பீடு எப்போதும் இடறும்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நேரத் தூண்டுதல் 1, 5, 10, 15, 30 நிமிடங்களுக்கு வைக்கலாம்; இந்த அமைப்புக்கு 10 நிமிடம். ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்கு மேல் போனால் கூகுள் நிறுத்திவிடும். கட்டம் கட்டமாக எழுதினால் அந்த 6 நிமிடம் போதாது. எல்லா வரிகளையும் நினைவில் திரட்டி ஒரே வீச்சில் எழுத வேண்டும். தொடக்கத்தில் ஸ்கிரிப்ட் பூட்டைக் கேட்டு வாங்கி, கிடைக்காவிட்டால் அந்த ஓட்டம் பேசாமல் வெளியேறட்டும். இரண்டு ஓட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தனி அடையாளச் சோதனையையும் தாண்டி இரட்டை வரி விழும்.

கோப்பாக ஏற்றும் தளங்களில் ஒரு பொதுவான ஓட்டை: 'இருப்பு 0க்கு மேல் உள்ளவை' என்று வடிகட்டி ஏற்றுமதி செய்வது. தீர்ந்துபோன எஸ்கேயூ கோப்பிலேயே இருக்காது, தளத்தில் பழைய எண் அப்படியே நிற்கும். காலிக் கட்டம் வேறு, 0 என்று எழுதிய கட்டம் வேறு. தீர்ந்தவற்றுக்கு 0 என்று எழுதியே ஆக வேண்டும். ஏற்றிய பின் 'முடிந்தது' என்ற செய்தியோடு திருப்தி அடையாமல் பிழை அறிக்கையை இறக்கிப் பாருங்கள். கோப்பு முடிந்தாலும் சில வரிகள் நிராகரிக்கப்பட்டிருக்கலாம்.

பஃபர் எவ்வளவு

எப்படி ஓட்டினாலும் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குருட்டு நேரம் உண்டு. அதற்குத்தான் பஃபர், அதாவது தளங்களுக்குக் காட்டாமல் கையில் நிறுத்தி வைக்கும் பீஸ்கள். எல்லா எஸ்கேயூவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 5 வைத்தால், மெதுவாகப் போகும் 3எக்ஸ்எல் சாம்பலில் இருக்கும் 5 பீஸும் விற்காமலே கிடக்கும். கணக்கு போட்டு வைக்கலாம்: குருட்டு நேரத்தில் எல்லாத் தளங்களிலும் சேர்த்துச் சராசரியாக எத்தனை விற்கும் என்று பார்த்து, அதோடு அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள்.

ஆஃபர் நாளில் ஒரு எஸ்கேயூ 10 மணி நேரத்தில் 120 போகிறது என்றால் 10 நிமிடத்துக்கு 2. வர்க்கமூலம் 1.4, இரட்டிப்பு 2.8. மொத்தம் 4.8, பஃபர் 5. சாதாரண நாளில் அதே எஸ்கேயூ 6 போகிறது என்றால் 10 நிமிடத்துக்கு 0.1, கணக்கு 0.73 வரும், பஃபர் 1. கையால் கோப்பு ஏற்றும் தளத்துக்குக் குருட்டு நேரம் 10 நிமிடம் அல்ல; ஏற்றும் இடைவெளி, அது அங்கே அமலாக எடுக்கும் நேரம் இரண்டும் சேர்ந்தது. அந்தத் தளத்தின் பஃபர் தனியாகப் பெரிதாக இருக்கட்டும்.

கடைசிப் பீஸ்கள் விஷயத்தில் பஃபரைவிட முன்னுரிமை வரிசை நல்லது. இருப்பு 3க்கு வந்ததும் மற்றவற்றில் 0 காட்டி ஒரே இடத்தில் மட்டும் திறந்து வையுங்கள். எந்த இடம்? ரத்து செய்தால் அதிக அடி விழும் தளத்தை முதலில் மூடுங்கள். அமேசானில் விற்பனையாளர் தரப்பு ரத்து விகிதம் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் கணக்கே ஆபத்துக்குள்ளாகும். சொந்தத் தளத்தில் வாங்கியவரை அழைத்து வேறு கலர் தரட்டுமா என்று கேட்கலாம். அதனால் கடைசி 3 பீஸ் சொந்தத் தளத்துக்கு.

சொந்தத் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தில் நிற்கும் ஆர்டர்களையும் பார்க்க வேண்டும். வூகாமர்ஸ் இயல்பாக 60 நிமிடம் சரக்கைப் பிடித்து வைக்கும். யுபிஐ விற்பனைக்கு அது அதிகம். 20 நிமிடம் சரியாக இருக்கும். அதைவிடக் குறைத்தால் பணம் தாமதமாக உறுதியாகும் ஆர்டர்கள் ரத்தாகிவிடும். வேர்ட்பிரஸ்ஸின் உள் நேரக் கருவி யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். இரவில் யாரும் வராவிட்டால் பிடித்த சரக்கு விடியும் வரை விடுபடாது. ஹோஸ்டிங் பேனலில் உண்மையான கிரான் வேலை (குறித்த நேரத்தில் சர்வரே தானாக ஓட்டும் பணி) ஒன்றை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வையுங்கள்.

ரிட்டர்ன் கூடை

துணி விற்பனையில் கணக்கு அதிகம் சிதைவது இங்கேதான். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்துத் திரும்பும் ஆர்டிஓ, வாங்கிப் பார்த்துத் திருப்பும் ரிட்டர்ன், வழியிலேயே தொலைந்தது என மூன்று வகை. தளத்தில் 'ரிட்டர்ன்' என்று நிலை மாறியதும் இருப்பைக் கூட்டக் கூடாது. அந்தப் பீஸ் எங்கோ ஒரு கூரியர் கிடங்கில் இருக்கிறது. குடோனுக்கு வந்து, பையில் உள்ள ஏர்வே பில் (கூரியரின் அனுப்புச் சீட்டு) எண்ணை ஸ்கேன் செய்தால்தான் ரிட்டர்ன் கூடையில் 1 கூடும். பையைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முதலில் ஏர்வே பில், பிறகு பிரிப்பது, பிறகு பீஸின் டேக், எல்லாம் ஒரே ஓட்டத்தில். மாற்றுப் பொருள் வந்திருந்தால் கிளெய்முக்கு இதுதான் ஆதாரம்.

பரிசோதித்து, மணம், கறை, டேக் பார்த்து, நல்லதென்றால் கூடையிலிருந்து ரேக்குக்கு. புதுப் பாலிபேக், புது லேபிள். ஏர்வே பில்லில் உள்ள ஆர்டரை நம்பி எஸ்கேயூ போடாதீர்கள். பீஸையே ஸ்கேன் செய்யுங்கள். எல் அனுப்பியதற்கு எம் திரும்பி வந்திருக்கும், அல்லது நாமே எம் அனுப்பியிருப்போம். அதனால்தான் திரும்பி வந்தது. தேறாதவை செகண்ட்ஸுக்கு. ரிட்டர்ன் கூடை மாலைக்குள் காலியாக வேண்டும் என்பது கறாரான விதி. நாலு நாள் குவிந்தால் அவசரத்துக்கு யாராவது அதிலிருந்து எடுத்து அனுப்பிவிடுவார்கள், அதோடு கணக்கு முடிந்தது.

தானாகக் கூட்டும் வசதிகளை அணையுங்கள். வூகாமர்ஸில் பணம் திருப்பும்போது இருப்பைத் திரும்பச் சேர்க்கும் பெட்டி இருக்கும், ஷாபிஃபையிலும் உண்டு. டிக் இருந்தால் பீஸ் வருமுன்பே விற்பனைக்கு வந்துவிடும். இதே காரணத்தால், பேக் செய்த பின் ரத்தான ஆர்டரும் உடனே ரேக்குக்குப் போகக் கூடாது. பேக்கிங் மேஜை ஓரத்தில் ஒரு ட்ரே வைத்து, பையைப் பிரித்து ஸ்கேன் செய்த பின்தான் ஒதுக்கீட்டிலிருந்து ரேக்குக்கு மாற்றம்.

தள நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பிய சரக்கை ரேக் கணக்கோடு சேர்க்கவே வேண்டாம். அதற்குத் தனி தள எஸ்கேயூ, தனி இடம். அமேசான் கிடங்கிலுள்ள எஸ்கேயூவுக்கு நம் ஸ்கிரிப்ட் ஒரு எண்ணைத் தள்ளினால், அந்த லிஸ்டிங் நாமே அனுப்பும் வகைக்கு மாறிவிடக்கூடும். தள்ளும் பட்டியலில் அவை இடம்பெறாதபடி இணைப்பு அட்டவணையிலேயே 'அனுப்பாதே' என்று ஒரு நெடுவரிசை வையுங்கள்.

கவுண்டரில் விற்றது, போட்டோ ஷூட்டுக்கு எடுத்தது, சாம்பிளாகக் கொடுத்தது, சொந்தக்காரருக்கு அன்பளிப்பு: எதுவானாலும் ஸ்கேன் செய்யாமல் குடோன் வாசலைத் தாண்டக் கூடாது. இது ஒழுங்குக்காக மட்டுமல்ல. ஜிஎஸ்டி விதி 56, தொலைந்தவை, திருட்டுப் போனவை, அழிந்தவை, இலவச சாம்பிளாகவோ பரிசாகவோ கொடுத்தவை எல்லாவற்றையும் சரக்குக் கணக்கில் காட்டச் சொல்கிறது. அவற்றுக்கு உள்ளீட்டு வரிக் கழிவை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5)(எச்) அனுமதிப்பதில்லை. காரண நெடுவரிசை சரியாக இருந்தால் ஆடிட்டருக்கு அந்தப் பட்டியல் ஒரு வடிகட்டலில் கிடைத்துவிடும்.

தொடங்கும் இரவும், அதன் பிறகு எண்ணுவதும்

நிலுவை ஆர்டர் எல்லாம் அனுப்பி முடித்த ஓர் இரவில் எல்லாத் தளங்களிலும் இருப்பை 0 ஆக்குங்கள். ரேக் ரேக்காக எண்ணி, தொடக்க இருப்பு வரிகளை எழுதுங்கள். கட்டுகளை நம்பாமல் பிரித்து எண்ணுங்கள். ஒரு தயாரிப்பு யூனிட்டில் 10 பீஸ் கட்டு, இன்னொன்றில் 12 பீஸ் கட்டு வரும். திறக்குமுன் ஒரு எஸ்கேயூவில் மட்டும் 3 பீஸ் போட்டு, சொந்தத் தளத்தில் ஒன்று வாங்கி, மற்ற மூன்றிலும் எண் குறைகிறதா, ரத்து செய்தால் திரும்புகிறதா, காம்போ அசைகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைத் திறங்கள்.

பிறகு ஆண்டுக்கொரு முறை முழுக்க எண்ணுவதைவிட தினமும் காலை பிக்கிங் (ஆர்டருக்கு ரேக்கிலிருந்து பீஸ் எடுப்பது) தொடங்குமுன் 15 எஸ்கேயூ எண்ணுவது மேல். வேகமாகப் போகும் ரகங்கள் மாதம் இரு முறையாவது சுற்றில் வரட்டும். எண்ணுபவருக்கு சிஸ்டம் எண் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அதையே தேடும். ரேக்கிலும், பேக் ஆகி இன்னும் கூரியர் எடுக்காத பைகளிலும் உள்ளவை சேர்ந்து ரேக் + ஒதுக்கீடு என்ற எண்ணுக்குச் சமமாக வர வேண்டும். துல்லியத்தை மொத்தப் பீஸில் அளக்காதீர்கள், கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மறைத்துவிடும். எண்ணிய எஸ்கேயூக்களில் எத்தனை அச்சாகப் பொருந்தின என்பதே அளவுகோல்.

வித்தியாசம் வந்தால் உடனே சரிக்கட்டு வரி எழுதிவிடாமல் அதன் உருவத்தைப் பாருங்கள். கருப்பு எம்மில் 5 கூடுதல், கருப்பு எல்லில் 5 குறைவு என்றால் அது பிக்கிங் தவறு அல்லது டேக் மாறியது. அந்த லாட்டின் டேக்கையும் கழுத்து லேபிளையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3இன் மடங்காக இருந்தால் காம்போ பெருக்கம் தவறு. 2 என்றால், அதாவது 10க்கும் 12க்கும் உள்ள இடைவெளி, வரவில் கட்டுக் கணக்கு. கையில் எப்போதும் கூடுதலாகவே இருந்தால் ஸ்கேன் ஆகாத ரிட்டர்ன் ரேக்குக்குப் போகிறது. எப்போதும் குறைவாகவே இருந்தால் கவுண்டரைப் பாருங்கள். காரணம் கிடைத்தால் காரணத்தோடு, கிடைக்காவிட்டால் 'எண்ணிக்கை வித்தியாசம்' என்று வரி எழுதுங்கள். அந்தக் கடைசி வகை மாதாமாதம் குறைய வேண்டும்.

தளங்களையும் இதே போல ஒப்பிட வேண்டும். தினம் ஒருமுறை ஒவ்வொரு தளத்தின் லிஸ்டிங் அறிக்கையையும் இறக்கி, அங்கே காட்டும் எண்ணை நாம் கடைசியாக அனுப்பிய எண்ணோடு பொருத்துங்கள். வெப்ஹூக் (ஆர்டர் வந்ததும் தளமே தானாக அனுப்பும் செய்தி) வைத்திருந்தாலும் இது தேவை. வெப்ஹூக் சில நேரம் இரண்டு முறை வரும், சில நேரம் வரவே வராது. இணைப்பு அட்டவணையில் இல்லாத தள எஸ்கேயூ ஏதாவது விற்பனையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். புது லிஸ்டிங் போட்டவர் இணைப்பில் சேர்க்க மறந்தால், அது யாருக்கும் தெரியாமல் பழைய எண்ணோடு விற்றுக்கொண்டே இருக்கும்.

நடமாட்டத் தாள் நாளடைவில் கனத்துவிடும். ஒரு கூகுள் ஷீட்டின் உச்ச வரம்பு 1 கோடி கட்டம். அதற்கு வெகு முன்பே கூட்டல் சூத்திரங்கள் தள்ளாடத் தொடங்கும். மாதக் கடைசியில் ஒவ்வொரு எஸ்கேயூ, இடத்துக்கும் முடிவு இருப்பை எடுத்துப் புதுத் தாளில் தொடக்க வரிகளாக எழுதுங்கள். ஒரு சுற்று 4 நிமிடத்தைத் தொட ஆரம்பித்தாலோ, இரண்டாவது குடோன் வந்தாலோ டேட்டாபேஸுக்கோ கட்டண மென்பொருளுக்கோ மாறும் நேரம் வந்துவிட்டது. வாங்குமுன் விற்பவரிடம் நாலு கேள்வி: பெண்டிங் ஆர்டரை ஒதுக்கீட்டில் எடுக்கிறதா, கலந்த காம்போவின் உறுப்புகள் எல்லாத் தளத்திலும் அசைகின்றனவா, ரிட்டர்ன் பரிசோதனைக்கு முன் இருப்பில் ஏறுகிறதா, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் உள்ள வரிகளை ஏற்றுமதி செய்ய முடியுமா. மாறிய பிறகும் பழைய தாள்களை அழிக்காமல் படிக்க மட்டும் திறக்கும்படி பூட்டி வையுங்கள். பழைய ஆர்டர்களின் ஆர்டிஓ வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அந்த ஏர்வே பில் எந்த எஸ்கேயூவுக்குப் போனது என்ற பதில் அங்கே மட்டும்தான் இருக்கும்.